வீதியில் கிடப்பவருக்கு நாமே உறவு

ஜும்ஆவுக்குச் செல்லும் வழியில், அம்பத்தூர் ரயில் நிலையத்தருகே வீடற்ற ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். என்ன செய்வது?

உயிர் காப்பது ஃபர்ளு கிஃபாயா. வேறு எவரும் இல்லையெனில் அது நம் மீதே ஃபர்ளு ஐனாகிவிடும். ‘குடிகாரர்’ என்று கடந்து போகலாகாது. சர்க்கரை குறைந்தவரும் அப்படியே விழுவார். மூச்சைக் கவனித்து 108-ஐ அழையுங்கள். தமிழகத்தில் 2008 முதல் இயங்கும் இச்சேவைக்குக் கட்டணமில்லை. மூச்சிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையேல் அதை முதலில் சொல்லுங்கள். முகவரியில்லாதவருக்கு அருகிலுள்ள கடையோ பள்ளிவாசலோதான் அடையாளம். ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளரிடம் எப்போது, எந்நிலையில் கண்டீர்கள் என்று கூறுங்கள். அவருக்காகப் பேச வேறு யார் உண்டு?

உடனிருக்க வேறு ஆளின்றி ஜும்ஆ தவறினால் குற்றமில்லை, ளுஹர் தொழுதுகொள்ளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.