பழைய காருக்கு எந்தப் பிரேக் பூஸ்டர்?

டிப்ளமோ முடித்துப் பட்டறைக்குத் தொழில் பழக வரும் பிள்ளைகளில் சிலர், தாத்தா ஓட்டிய கான்டெஸாவையோ பத்மினியையோ கூடவே கொண்டுவருகிறார்கள். பிரேக் கெட்டியாக இருக்கிறது என்பதுதான் புகார். அதற்கான தீர்ப்பும் கையிலேயே இருக்கிறது. ஒருவருக்கு நண்பர் காரில் மாட்டியிருக்கும் பெரிய பூஸ்டர்தான் வேண்டும். இன்னொருவரிடம், "பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்று அப்பா சொல்லியனுப்பியிருக்கிறார். இருவருமே காரைச் சோதித்துப் பார்க்கவில்லை. பிரேக்கில் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அதற்கு விலை கொடுப்பவர் காரின் சொந்தக்காரர் மட்டுமல்ல, சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளையும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேக்கத்தை (வெற்றிடத்தை) வைத்து மிதிக்கு வலு கூட்டுவது பூஸ்டர். முதலில் பழுது அதில்தானா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்துப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, உள்ளே தங்கிய வேக்கத்தைக் காலி செய்யுங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் உதவி கிடைக்கவில்லை. அடுத்து, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, ஓரிரு நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதியே கெட்டியாக இருந்தால் வேக்கம் எங்கோ கசிகிறது. மிதிக்கும்போது டேஷ்போர்டுக்குக் கீழே 'உஸ்' என்ற சத்தமும் ஐட்லிங் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால், பூஸ்டரின் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே சொட்டுக்கூடக் கசியாமல் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய் ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படி இறங்கினால் பூஸ்டரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பெடல் மெத்தென்று அமுங்கினால் பெரும்பாலும் லைனில் காற்று இருக்கும். பூஸ்டரைத் தொடவே வேண்டாம்.

நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் 16 முதல் 22 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்கம் தரும். வேக்கம் கேஜ் அதற்குக் கீழே காட்டினால் இன்ஜினைக் கவனியுங்கள். டீசல் காராக இருந்தால் வேக்கம் பம்ப்பைப் பாருங்கள்.

இதற்குப் பிறகு இருக்கும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஹோஸும் நான் ரிட்டர்ன் வால்வும் மாற்றுவது மலிவு. முதலில் செய்ய வேண்டியது. அசல் பூஸ்டருக்கு ரிப்பேர் கிட் போட்டு ரீபில்ட் செய்வது அடுத்தது. அதே பார்ட் நம்பரில் புதியது கிடைத்தால் அதுவும் சரி. புதுப்பேட்டையில் பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் பூஸ்டரில் ரப்பரின் வயது தெரியாது. அதை வாங்கினாலும் கிட் போடாமல் மாட்டக் கூடாது.

இன்றைய மோகமெல்லாம் ஐந்தாவது வழியில்: வேறொரு காரின் பெரிய பூஸ்டரை ஃபயர்வாலில் பிராக்கெட் வெல்டிங் செய்து மாட்டுவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள் என்பேன்.

கணக்கைப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள டயாஃப்ரத்தின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ அழுத்த வித்தியாசம் இருந்தால், அது தள்ளும் விசை 190 கிலோவை ஒட்டி வரும். விட்டத்தை 23 செ.மீ. ஆக்கினால் அதுவே 250 கிலோவை நெருங்கும். மூன்று செ.மீ. கூட்டியதற்கு மூன்றில் ஒரு பங்கு விசை கூடுகிறது. பின்சக்கர டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இல்லாத பழைய காரில், மழைநாளில் லேசாக மிதித்தாலே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும்.

பெடலின் நெம்புகோல் விகிதம் இன்னொரு சிக்கல். பூஸ்டர் இல்லாத காருக்கு அது ஏறக்குறைய 6:1, பூஸ்டர் உள்ள காருக்கு ஏறக்குறைய 4:1. நான்கு சக்கரத்திலும் டிரம்மோடு, பூஸ்டரே இல்லாமல் வந்தது பத்மினி. அதன் பெடலை மாற்றாமல் பெரிய பூஸ்டரை மட்டும் சேர்த்தால், எவ்வளவு மிதிக்கிறோம் என்ற அளவு காலுக்குத் தெரியாமல் போகும். வேறு பூஸ்டரின் புஷ் ராட் நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஆயில் டேங்குக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். ஓட ஓட டிரம் சூடேறி, நெரிசலில் பிரேக் ஜாம் ஆகும். ராட் குட்டையானால் பெடல் பாதிவரை வெறுமனே இறங்கும்.

இவ்வளவும் எதற்காக? பூஸ்டர் காலின் உழைப்பைத்தான் குறைக்கும். வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை லைனிங்கும் டிரம்மும் டயரும்தான் முடிவுசெய்கின்றன.

நான் அசல் பூஸ்டரின் கட்சி. அந்தக் காரின் எடைக்கும் பெடலுக்கும் கணக்குப் பார்த்துச் செய்த பொருள் அது. நல்ல ரப்பர் போட்டு மூடினால் மறுபடியும் பல வருடம் உழைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கூட்டை நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே அழுத்தி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. அதற்கான கிளாம்ப் உள்ளவரிடம் கொடுங்கள். திரும்ப மாட்டும்போது புஷ் ராட் இடைவெளியை அளந்து பாருங்கள். பிரேக் லைட் எரிகிறதா என்று சரிபாருங்கள். லைனைத் திறந்திருந்தால் காற்றை முழுக்க எடுங்கள். காருக்குச் சொன்ன பிரேக் ஆயிலையே ஊற்றுங்கள். மினரல் ஆயில் பட்டால் சீல்கள் ஊதிவிடும்.

தொழில் பழகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காசு கொடுத்தால் பாகம் கிடைக்கும். பழுதைக் கண்டுபிடிக்கும் காதும் கையும் நின்று கவனித்தால்தான் வரும். சிலருக்குச் சத்தத்திலேயே பழுது தெரியும், சிலருக்கு அளவெடுப்பதில் கை நிற்கும், சிலருக்கு வெல்டிங் படியும். உங்களுக்கு எது வருகிறதோ அதில் ஊன்றி நில்லுங்கள். ஊர் எதை மெச்சுகிறது என்று பார்த்து மாறாதீர்கள். பெற்றவர்களும் பிள்ளை ஒரு வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ளும் வரை அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். சோதித்த பிறகு முடிவெடுக்கும் பொறுமை ஒருவருக்குப் படிந்துவிட்டால், எந்தக் காரையும் நம்பி அவர் கையில் ஒப்படைக்கலாம்.