விமானத்தில் கேமரா: முதலில் வாங்க வேண்டியது எது?

கேள்வி: செஸ்னா 172-இல் விமானம் ஓட்டக் கற்று வருகிறேன். கையில் கோப்ரோ இருக்கிறது. பறப்பதைப் படம் எடுக்க வேறு என்னென்ன வாங்கலாம்?

பதில்: முதலில் ஆடியோ கேபிள். காக்பிட்டில் கேமராவின் சொந்த மைக் எஞ்சின் இரைச்சலைத்தான் அள்ளிக்கொண்டு வரும். ஹெட்செட்டின் 6.3 மி.மீ. பிளக்குக்கும் விமானத்தின் ஜாக்குக்கும் நடுவே செருகும் கேபிள் கிடைக்கிறது. டவர் பேசுவதும், பயிற்சியாளர் அதட்டுவதும் தெளிவாகப் பதிவாகும். ஒலியளவைத் தணித்துக் கொடுக்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் குரல் கரகரக்கும். சில கோப்ரோ மாடல்களுக்கு மைக் அடாப்டரும் தனியாக வேண்டும்.

அடுத்து, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர். கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் வரிவரியாகப் பதிவு செய்கிறது. வெயிலில் ஷட்டர் வேகமும் எகிறுவதால், ப்ரொப்பெல்லர் வாழைப்பழம்போல வளைந்து துண்டுதுண்டாக மிதக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஷட்டரை 1/60 நொடிக்கு இறக்குங்கள். நல்ல வெயிலுக்கு என்.டி.16 அல்லது 32 போடலாம். ப்ரொப்பெல்லர் மங்கலாகி, கண்ணை உறுத்தாது. போலரைசர் மட்டும் வேண்டாம். அக்ரிலிக் ஜன்னலில் வானவில் பட்டை விழும்.

சக்‌ஷன் கப் மவுண்ட்டை உள்பக்கம் ஒட்டி, பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள். காந்தத் திசைகாட்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். இறக்கையில் மாட்டும் ஆசை இருந்தால், பயிற்சிப் பள்ளியும் பராமரிப்புப் பொறியாளரும் ஒப்புக்கொள்ளும்வரை கை வைக்காதீர்கள். செல்ஃபி ஸ்டிக்கா? அது வீட்டிலேயே இருக்கட்டும்.