கடனில்லாத கலியாணம்

நகரத்தில் மணமுடிக்க ஆயத்தமாகும் இளையோருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு பாடம்



கொழும்பு போன்ற நகரங்களில் இளைஞர் சிலர் தங்கள் விவாகத்தைத் தள்ளிப்போடுவதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுண்டு. "சுவாமி, எங்களுக்கு மனமொத்துவிட்டது. இரு வீட்டாருக்கும் சம்மதம். ஆனால் கலியாணம் செய்யக் காசு சேரவில்லை. இன்னும் இரண்டு வருடம் போகட்டும்." இரண்டு வருடம் நான்காகிறது. சிலர் காத்திருந்து சலிக்கின்றனர். சிலர் அருட்சாதனமின்றியே சேர்ந்து வாழத் தொடங்கிவிடுகின்றனர். வேறு சிலர் தாயின் நகையை அடகுவைத்து, போதாததற்கு வட்டிக்கும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில் செலவழித்துவிட்டு, முதலாம் வருடம் முழுவதும் கடன்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே குடித்தனம் நடத்துகின்றனர்.

இம்மூவகையினரையும் இடறச் செய்வது விவாகமா? அன்று. விவாகத்தைச் சுற்றி நாம் அடுக்கிவைத்த செலவே. ஆகையால் இவ்வாரம் மூன்று கேள்விகளை முன்வைத்துச் சிந்திப்போம். விவாகத்துக்கு அவசியமானது எது? நல்ல வழக்கம் எது? வெறும் பகட்டு எது?

1. அவசியமானது எது?

திருச்சபை கேட்பது மிகச் சொற்பம். 1563இல் திரெந்து சங்கம் விதித்த ஒழுங்கு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அதனையே சொல்கிறது: விவாகத் தடையேதுமில்லாத ஓர் ஆணும் பெண்ணும், அதிகாரம் பெற்ற குருவானவர் அல்லது தியாக்கோன் முன்னிலையில், இரு சாட்சிகளுக்கு முன், மனச் சுதந்திரத்தோடு சம்மதம் தெரிவிக்கவேண்டும். அந்தச் சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது. அதை வேறெவரும் அவர்களுக்காகக் கொடுக்க முடியாது. இரு சாட்சிகள் என்றுதான் சட்டம் சொல்கிறது, இருநூறு என்றல்ல. மண்டபத்தைப் பற்றியோ கேக்கைப் பற்றியோ வீடியோவைப் பற்றியோ அங்கு ஒரு சொல்லும் இல்லை.

ஏழ்மையின் நிமித்தம் ஒருவருக்கும் அருட்சாதனம் மறுக்கப்படலாகாது என்பதும் அதே சட்டத் தொகுப்பில் உள்ளது. ஆகவே கையில் காசில்லை என்பதற்காகக் கோவில் வாசலுக்கு வரக் கூச்சப்படவேண்டாம். உங்கள் நிலைமையைப் பங்குக் குருவானவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

செலவு குறைந்தாலும் ஆயத்தம் குறையக்கூடாது. ஞானஸ்நானப் பத்திரத்தைப் புதிதாகப் பிரதியெடுத்துக் கொள்ளுங்கள். உறுதிபூசுதல் பெறாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். திருமண ஆயத்த வகுப்பைத் தவறவிடாதீர்கள். கோவிலில் ஓலை வாசிப்பதற்கான நாட்களையும், அரசாங்கப் பதிவுக்கான நாட்களையும் முதலிலேயே விசாரித்து அறியுங்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், நாட்டின் பொது விவாகச் சட்டப்படி இரு பாலாருக்கும் 18 வயது நிறைந்திருக்கவேண்டும். இருவரில் ஒருவர் மாற்றுச் சபையினராயோ மாற்று மதத்தினராயோ இருந்தால் ஆயரின் அனுமதி வேண்டும். அதற்கும் காலம் எடுக்கும்.

எங்கே செய்வது? மணமக்களில் ஒருவர் வசிக்கும் பங்கின் கோவிலே வழமையான இடம். ஊர் யாழ்ப்பாணமோ மன்னாரோ மட்டக்களப்போ ஆனாலும், தொழிலின் நிமித்தம் கொழும்பில் ஒரு மாத காலமாவது வசித்துவருபவர் அங்குள்ள பங்கிலேயே மணமுடிக்கலாம். வேறு கோவிலை விரும்பினால் அனுமதி கேட்கலாம். கடற்கரையிலோ ஹோட்டல் தோட்டத்திலோ செய்ய விரும்பும் கத்தோலிக்க மணமக்கள், அது வழமையாகக் கிடைக்கும் அனுமதியன்று என்பதை அறிந்திருக்கட்டும். பெரிய வெள்ளியன்றும் பெரிய சனியன்றும் விவாகம் நடைபெறாது.

2. கணக்கைப் பாருங்கள்

கலியாணச் செலவு இருவகைப்படும். விருந்தினர் எத்தனைபேர் வந்தாலும் மாறாத செலவு ஒன்று: தாலி, மோதிரம், உடை, படப்பிடிப்பு. ஆட்கணக்கோடு ஏறும் செலவு மற்றது: சாப்பாடு, மண்டபம், அழைப்பிதழ், வாகனம், கேக் துண்டுகள். முதலாம் வகையில் பேரம்பேசி மிச்சம்பிடிப்பது சொற்பம். இரண்டாம் வகையே வீட்டைக் கவிழ்ப்பது.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் எடுப்போம். ஒருவரின் சாப்பாட்டுக்கு 4,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கு 12 இலட்சம். 70 பேருக்கு 2 இலட்சத்து 80 ஆயிரம். வித்தியாசம் 9 இலட்சத்து 20 ஆயிரம். அந்தப் பணம் கையில் இல்லாமல் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால், மாதாமாதம் வட்டி மட்டும் 18,400 ரூபா. ஒரு வருடத்தில் 2 இலட்சத்து 20 ஆயிரத்து 800 ரூபா வட்டியாய்ப் போய்விடும். முதல் அப்படியே நிற்கும். அதாவது, 70 பேரின் விருந்துக்கு ஆகும் செலவில் பெரும்பங்கை வருடந்தோறும் வட்டியாகவே கட்டுகிறீர்கள்.

ஆகவே முதலில் மண்டபம் பார்க்கப் போகாதீர்கள். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து மூன்று காரியங்களை இந்த வரிசையிலேயே எழுதுங்கள். கையிலுள்ள பணம் எவ்வளவு? அதில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கியபின் மிஞ்சுவது எவ்வளவு? அத்தொகைக்குள் எத்தனைபேரை அழைக்கலாம்? வரும் மொய்யை நம்பிச் செலவழிக்காதீர்கள். வராத காசு காசல்ல.

விருந்தின் நேரத்தை மாற்றினாலே பெருந்தொகை மிஞ்சும். மாலைத் திருப்பலியில் மணமுடித்து, பங்கு மண்டபத்தில் தேநீரும் றோல்ஸும் கட்லற்றும் கேக்கும் பரிமாறி அனுப்புவது மரியாதைக் குறைவன்று. காலைத் திருப்பலியின்பின் இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்துக் காலைச் சாப்பாடு கொடுக்கலாம். மத்தியானச் சாப்பாடுதான் வேண்டுமென்றால், நெருங்கிய குடும்பத்தாரோடு வீட்டில் சமைத்து உண்ணலாம்.

3. காசில்லாமல் உங்கள் கலியாணமாக்குவது எப்படி?

"எங்கள் கலியாணம் எல்லாருடையதையும்போல இருக்கக்கூடாது" என்று இளையோர் சொல்கின்றனர். நல்ல ஆசைதான். ஆனால் அதற்காகப் புதுவிதச் சோடனையும் புகைப்படத்துக்கென்றே ஊர்ப் பயணமும் தேடி, மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செலவழிப்போர் உண்டு. திருவழிபாட்டு நூலைத் திறந்து பாருங்கள். அது உங்களுக்குக் கொடுத்திருக்கும் சுதந்திரத்தைப் பலர் பயன்படுத்துவதேயில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் விவாகச் சடங்கைத் திருத்தும்படி பணித்தது. திருத்திய சடங்கு 1969இல் வெளிவந்தது. அதன்படி வாசகங்களைப் பல பகுதிகளிலிருந்து தெரிந்தெடுக்கலாம். தொபியாவும் சாராளும் மணவிரவில் சேர்ந்து செபித்த பகுதி அவற்றுள் ஒன்று. குருவானவரோடு இருந்து உங்கள் வாழ்வுக்குப் பொருந்தும் வாசகத்தைத் தெரிந்தெடுங்கள். அதை வாசிக்கும்படி உங்களை வளர்த்த அத்தையையோ, படிப்பித்த ஆசிரியையையோ கேளுங்கள். விசுவாசிகள் மன்றாட்டை நீங்களே எழுதுங்கள். இறந்துபோன தகப்பனாரை, வெளிநாட்டிலிருந்து வரமுடியாத அண்ணனை, காணாமற்போன உறவினரை அதில் நினைவுகூருங்கள்.

மணமகள் தனியே தகப்பனோடு வருவதுதான் ஒரே முறையென்று எண்ணவேண்டாம். குருவானவர் வாசலில் எதிர்கொள்ள, மணமக்கள் இருவரும் பெற்றோரும் சாட்சிகளுமாகச் சேர்ந்து பீடத்தை நோக்கி நடந்து வருவதற்கும் சடங்கில் இடமுண்டு. தாய் மட்டுமே வளர்த்த பிள்ளைக்கு அது எத்தனை ஆறுதல்! வாடகைப் பாட்டுக் குழுவுக்குப் பதிலாக, நீங்கள் சிறுவயதில் பாடிய பங்குப் பாடகர் குழுவையே கேளுங்கள். சபையார் எல்லாரும் சேர்ந்து பாடத்தக்க பாட்டுக்களைத் தெரிந்தெடுங்கள்.

சம்மத வாக்கை மனப்பாடம் செய்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. வந்தவர்கள் வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்ப்பது அதைத்தான்.

4. தாலி, உடை, கேக்

ஏழு, ஒன்பது, பதினொன்று என்று பவுண் எண்ணித் தாலிக்கொடி செய்வது நம்மவர் வழக்கம். ஒரு பவுண் 8 கிராம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு பொன்னின் விலை ஏறிய வேகத்தை அறிவீர்கள். தாலி நல்ல வழக்கம். அதன் நிறை வழக்கமன்று, போட்டி. சிலுவையோ புறாவோ பொறித்த சிறு தாலியை மஞ்சள் கயிற்றிலோ மெல்லிய சங்கிலியிலோ கோத்து ஆசீர்வதிக்கலாம். வசதி வரும்போது கொடி செய்துகொள்ளலாம். மோதிரமும் இன்ன உலோகத்தில்தான் இருக்கவேண்டுமென்று சடங்கு சொல்லவில்லை.

உடையில் ஒரு விதி போதும்: பின்னர் மூன்று தரமாவது உடுக்கக்கூடியதை வாங்குங்கள். கோவிலுக்கு வெள்ளைச் சேலையும் பின்னர் கூறையும் என்று இரண்டு வேண்டுமா, கூறை ஒன்றே போதுமா என்று யோசியுங்கள். தாயின் கூறையை உடுத்து மணமுடிப்பது வறுமையின் அடையாளமன்று. அது ஒரு கௌரவம்.

கலியாணக் கேக்கை வீட்டிலேயே செய்யலாம். ரவை, கஜு, முந்திரிகை வற்றல், பூசணி அல்வா சேர்த்த நம் நாட்டுக் கேக் நாட்பட நாட்படச் சுவை கூடுவது. ஆகவே சில வாரங்களுக்கு முன்னரே செய்து வைக்கலாம். மாமிமாரும் மச்சாள்மாரும் கூடியிருந்து வெட்டிச் சுற்றும் அந்த மாலைப்பொழுதே பாதிக் கலியாணம். வாடகைக் காருக்குப் பதில் நண்பரின் கார் போதும். கோவிலின் சோடனையை, அதே நாளில் அங்கு மணமுடிக்கும் மற்ற ஜோடியோடு பகிர்ந்துகொள்ளலாம்.

5. பெற்றோரோடு பேசுவது

மிகக் கடினமான பகுதி இதுவே. "நாலுபேர் என்ன சொல்லுவினம்? நான் எத்தனை கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டனான்!" என்று தாய் கேட்பார். அதைப் பழமை என்று தள்ளிவிடாதீர்கள். அவர் கேட்பது பகட்டை மட்டுமன்று. உறவினர்முன் தம் கடமையை நிறைவேற்றிய திருப்தியையும் கேட்கிறார். ஆகவே தீர்மானம் எடுத்துவிட்டுச் சொல்லாமல், தீர்மானிக்கு முன்னரே கணக்கைக் காட்டிப் பேசுங்கள். "அம்மா, உங்கட சங்கிலியை அடகுவைச்சு எங்களுக்கு ஒரு நாளும் சந்தோசம் வராது. ஆரார் கட்டாயம் வரவேணும் எண்டு நீங்களே இருபதுபேரைச் சொல்லுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். அழைக்க முடியாதவர்களின் வீட்டுக்கு, மணமுடித்தபின் ஒரு துண்டுக் கேக்கோடு நீங்களே நேரில் போய்வாருங்கள். 300 பேர் கூடிய மண்டபத்தில் கிடைக்காத பேச்சு அந்த வீட்டுத் திண்ணையில் கிடைக்கும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் தொற்றுநோயின் காரணமாக விருந்தினர் தொகை கட்டுப்படுத்தப்பட்டபோது, எத்தனையோ பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் முன் மணமுடித்தனர். அவர்களுடைய விவாகம் எவ்விதத்திலாவது குறைந்துபோயிற்றா? அன்று சட்டத்துக்காகச் செய்ததை இன்று பிள்ளையின் நன்மைக்காகச் செய்யலாகாதா? மாப்பிள்ளை வீட்டார் சீதனமும் டொனேசனும் கேட்டுக்கொண்டு, "கலியாணம் மட்டும் எளிமையாய் இருக்கட்டும்" என்றால் அது எளிமையன்று. பெண்வீட்டாரின் சுமையை இறக்காத எளிமை வெறும் பேச்சு.

6. விருந்து பாவமா?

இல்லை. கானாவூர்க் கலியாணத்தில் நமதாண்டவர் விருந்தாளியாகவே இருந்தார். அந்த வீட்டில் முசுப்பாத்தி குறையவில்லை, இரசம் குறைந்தது. அதைக் கண்டு ஏளனம் செய்யாமல், சொல்லவேண்டிய இடத்தில் சொன்னவர் அவருடைய தாயார். ஒரு கலியாண வீட்டின் குறையை எப்படிப் பார்க்கவேண்டுமென்று உறவினர் எல்லாரும் அவரிடம் கற்கலாம். மேசையில் என்ன இல்லை என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பும் விருந்தாளிதான் அடுத்த வீட்டுத் தகப்பனைக் கடன்வாங்க வைக்கிறான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பத்தைப்பற்றி எழுதிய மடலில் இதே காரியத்தைத் தொட்டார். விருந்தும் உடையும் மணமக்களின் பணத்தை மட்டுமன்றி அவர்களுடைய பலத்தையும் சந்தோசத்தையும் உறிஞ்சிவிடுகின்றன என்று சுட்டிக்காட்டி, மற்றவர்களிலிருந்து வேறுபட்டிருக்கத் துணியும்படி அவர்களைக் கேட்டார். அத்துணிவு முதலில் ஒரு ஜோடிக்கு வேண்டும். பங்கில் ஒருவர் செய்துகாட்டினால் அடுத்தவருக்கு வழி திறக்கும். காசில்லாமல் காத்திருக்கும் இன்னொரு ஜோடி, "எங்களாலும் முடியும்" என்று குருவானவரைத் தேடி வரும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நமது வீட்டில் கடைசியாக நடந்த கலியாணத்தின் கடன் எப்போது தீர்ந்தது? அதைத் தீர்த்தவர் யார்?

2. நாம் எழுதிய விருந்தினர் பட்டியலில், மணமக்களின் பெயரைச் சொல்லிச் செபிக்கக்கூடியவர்கள் எத்தனைபேர்?

3. நமது பங்கில் பணமின்மையால் விவாகத்தைத் தள்ளிவைத்திருப்போர் உளரா? பாடகர் குழுவாகவோ, சமையலுக்குக் கைகொடுப்பவர்களாகவோ, காரும் கூறையும் இரவல் கொடுப்பவர்களாகவோ நாம் அவர்களுக்குச் செய்யக்கூடியது என்ன?