மொட்டை மாடிக்கு மெம்ப்ரேன் போடப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போடு!

சீலிங்ல ஈரத் திட்டைப் பார்த்ததும் பதறிப்போய், ஐப்பசி மழைக்கு நடுவுல ஆளைக் கூப்பிட்டு, அவர் சொன்ன விலைக்கெல்லாம் தலையாட்டிடாதே தங்கச்சி. தண்ணி இறங்காம தளத்து மேல போடுற இந்த மெம்ப்ரேன் நல்ல பொருள்தான். ஆனா பல வீட்டுல போட்ட ரெண்டாம் வருஷமே திரும்ப ஒழுகுதே, ஏன்? தளத்தோட நடுவுல கோளாறு வர்றது குறைவு. ஓரம், மூலை, மழைத் தண்ணி இறங்குற குழாய் வாய், ஷீட் மேல ஷீட் ஒட்டுற இடம், இந்த நாலுலதான் தண்ணி வழி கண்டுபிடிக்கும். உனக்கு நேரமில்லைன்னு எனக்குத் தெரியும். இந்த நாலையும் விடாம பார்த்தாலே போதும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

1. முதல்ல மழைத் தண்ணியான்னு பாரு. சித்திரை வெயில்லயும் அந்த ஈரம் காயலைன்னா, அது மாடித் தண்ணி இல்ல. தொட்டியோ குழாயோ கசியுது. பிளம்பரைக் கூப்பிடு. காங்கிரீட் பேந்து துருக் கம்பி தெரிஞ்சா இன்ஜினீயர்கிட்ட காட்டி அதைச் சரி பண்ணு. மேல மெம்ப்ரேனைப் போட்டு மூடினா உள்ள கம்பி அரிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

2. மாசி முதல் வைகாசிக்குள்ள முடி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல வந்துடும். ஈரத் தளத்துல ஒட்டினா, வெயில் ஏறும்போது உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி ஷீட்டைக் கொப்புளமா தூக்கிடும். காய்ஞ்சிருக்கான்னு பார்க்க ஒரு சுலப வழி: ஒரு பாலித்தீன் கவரைத் தளத்துல விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி விட்டுடு. காலையில அடியில நீர்முத்து கோத்திருந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம்.

3. பழைய தட்டோட்டைத் தட்டிப் பாரு. டொக் டொக்குன்னு வெத்துச் சத்தம் வர்ற ஓட்டையெல்லாம் எடுக்கச் சொல்லு. அடியில தண்ணி தேங்கியிருக்கும். "மேலயே ஒட்டிடலாம்மா, செலவு மிச்சம்"னு சொல்லுவாங்க. அந்த மிச்சம் உனக்கு வேண்டாம்.

4. வாட்டம் சரியா? ஒரு மீட்டர் நீளத்துக்கு குறைஞ்சது ஒரு சென்டிமீட்டராவது குழாய்ப் பக்கம் சரியணும். வாளித் தண்ணியை ஊத்திப் பார்த்தா தேங்குற இடம் தானா தெரியும். பள்ளத்தை நிரப்பாம மெம்ப்ரேன் போடாதே. எந்த ஷீட்டும் வருஷக்கணக்கா குட்டையில ஊறத் தாங்காது.

எதை வாங்குறது?

5. திறந்த மாடின்னா ஷீட், அடைசலா இருந்தா திரவம். தார்ல செஞ்ச ஏபிபி ஷீட் ரோலா வரும். டார்ச்சால உருக்கி ஒட்டுவாங்க. தொட்டிக் கால், குழாய், கம்பம்னு மாடி நிறைய தடுப்பு இருந்தா, பிரஷ்ல அடிக்கிற பியூ (பாலியூரிதேன்) திரவ மெம்ப்ரேன் சுலபம். அதுல ஒட்டே கிடையாது. ஆனா ரெண்டு கோட், ஒண்ணுக்குக் குறுக்கா ஒண்ணு. மூலையில துணி வெச்சுத்தான் அடிக்கணும். ஒரே கோட்ல முடிக்கிறேன்னா வேண்டாம்னு சொல்லிடு.

6. வெறும் கறுப்பு ஷீட்டை வெயில்ல விடாதே. அதுக்கு மேல சிமென்ட் காரை, டைல்ஸ் போட்டு மூடணும். மூட முடியாதுன்னா, மேல சின்னக் கல்துகள் ஒட்டின ரகத்தை வாங்கு. வத்தல் காயப்போட, துணி உலர்த்த தினமும் நடக்குற மாடின்னா டைல்ஸ்தான் சரி.

7. ரோலை நீயே எண்ணு. ஒரு ரோல் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். ஒட்டு போக சுமார் 95 சதுர அடிதான் மூடும். 1000 சதுர அடி மாடிக்கு, சுவர்ல ஏத்துறதையும் சேர்த்தா 12, 13 ரோல் ஆகும். அதை விடக் குறைஞ்ச ரோல்ல முடிச்சுட்டேன்னு சொன்னா எங்கேயோ ஒட்டைக் குறைச்சிருக்காங்க. ஷீட் தடிமன் 3 மில்லிமீட்டரா 4 மில்லிமீட்டரான்னு பில்லுல எழுதி வாங்கு.

வேலை நடக்கும்போது

வேலை அன்னைக்கு ஆபீசுக்கு லீவு போடு. முழு நாள் முடியாட்டி, ஷீட்டுக்கு முன்னாடி தளத்துல பூசுற ப்ரைமர் காய்ஞ்சு முதல் ரோல் விரிக்கும்போதும், ஓரம் ஏத்தும்போதும் மட்டுமாவது நில்லு.

- ஒட்டு: பக்கவாட்டுல 10 சென்டிமீட்டர், முனையில 15. குழாய்ப் பக்கத் தாழ்வுல ஆரம்பிச்சு மேட்டுக்குப் போகணும். அப்பதான் மேல் ஷீட்டுல வர்ற தண்ணி கீழ் ஷீட்டு மேல ஓடும். ஒட்டின விளிம்புல உருகின தார் கோடு மாதிரி பிதுங்கி நிக்கணும். அது இல்லாத இடத்துல கரண்டி நுனியை லேசா விட்டுப் பாரு. உள்ள போச்சுன்னா அங்க ஒட்டவே இல்ல, திரும்ப டார்ச் பிடிக்கச் சொல்லு.
- கைப்பிடிச் சுவர்: சுவரும் தளமும் சேர்ற மூலையைக் கலவையால சரிவா பூசிட்டு, ஷீட்டைச் சுவர்ல ஒரு அடி ஏத்தணும். மேல் நுனியைச் சுவர்ல காடி வெட்டிச் செருகிப் பூசணும். சும்மா ஒட்டி விட்டா பின்பக்கமா தண்ணி இறங்கும்.
- குழாய் வாய்: ஷீட் குழாய்க்கு உள்ளேயே இறங்கணும். வாயோட விளிம்புல வெட்டி நிறுத்தவே கூடாது.
- நெருப்பு: பிளாஸ்டிக் தொட்டி, ஒயர், பிவிசி குழாய் பக்கத்துல டார்ச் போகாம பார்த்துக்கோ. தண்ணி வாளியும் மணலும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். குழந்தைகளை மாடிப்படி ஏறவே விடாதே.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி

8. தண்ணி கட்டிப் பாரு. குழாய் வாயை அடைச்சு ரெண்டு அங்குலம் தண்ணியை 48 மணி நேரம் நிறுத்து. கீழ வந்து சீலிங்கைப் பாரு. காரை, டைல்ஸ் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். கடைசித் தவணைப் பணமும் அப்படித்தான். தேக்குக் கட்டை மேல நிக்கிற பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா மட்டும் இதைச் செய்யாதே. அந்தப் பாரத்தைத் தாங்குமான்னு இன்ஜினீயரைக் கேளு.

9. சோலார், டிஷ், கொடிக் கம்பம் எல்லாம் முன்னாடியே. மேடை கட்டி, அதைச் சுத்தி மெம்ப்ரேனை ஏத்தணும். போட்ட பிறகு ஒரு போல்ட்டுக்குத் துளை போட்டாலும், நீ செலவழிச்சது அந்தத் துளை வழியா ஒழுகும்.

அதுக்கப்புறம்

புரட்டாசியில ஒருநாள் மாடி ஏறி குழாய் வாய்ல அடைச்சிருக்கிற இலையை எடு. பாசியை இரும்புக் கரண்டியால சுரண்டாதே, ஆசிட் ஊத்தாதே. திறந்த ஷீட் மேல தீபாவளிக்குப் புஸ்வாணமும் சங்குசக்கரமும் வேண்டவே வேண்டாம். பொறி பட்ட இடம் உருகிப் பொத்தலாகும், அடுத்த வாரமே மழை வரும். பூந்தொட்டியை ஸ்டாண்ட் மேல வை.

விலை பேசும்போது சதுர அடிக்கு ரெண்டு ரூபா குறைக்கிறதுல மல்லுக்கட்டாதே. அந்த நேரத்துல ஓரம், மூலை, குழாய் வாய், ஒட்டு நாலுக்கும் என்ன பண்ணுவாங்கன்னு எழுதி வாங்கு. எழுதித் தரத் தயங்குறவர்கிட்ட வீட்டை ஒப்படைக்காதே.