தூங்காதவர் எந்தப் பட்டியலில்?

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டாசு ஆலை வெடி விபத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் தப்பிய கணவர் ஏழு மாதமாக நடுராத்திரியில் அலறி எழுகிறார், பக்கத்துத் தெருவில் சரம் வெடித்தால் கட்டிலுக்கடியில் ஒடுங்குகிறார், வேலைக்கும் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். “தப்பிச்சு வந்தவனுக்கு என்ன கேடு?” என்கிறாராம் மாமியார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசாங்கக் கணக்கும் அதுதானே? பட்டாசு ஆலைகள் வெடித்த நாட்களைப் பாருங்கள்: 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம், 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. இறந்தவருக்கு ஒரு தொகை, காயம்பட்டவருக்கு ஒரு தொகை. அத்தோடு பட்டியல் முடிந்தது. முதலிப்பட்டியில் மாண்டவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் வெடி கேட்டு ஓடிப்போனவர்கள். கூட ஓடி, உயிரோடு திரும்பியவர்களை யார் எண்ணினார்கள்?

உங்கள் கணவருக்கு இருப்பது கோழைத்தனம் அல்ல. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் இதையே கண்டு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தனி நோயாகப் பெயரிட்டார்கள். மருந்து அறை எரிந்து அணைந்துவிட்டது. அவர் உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை. கண்ணை மூடினால் கனவு வரும் என்று தூக்கத்துக்கே பயப்படுகிறார். தூக்கம் கெட்டால் மனம் சோர்கிறது. சோர்ந்த மனம் மறுபடி தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்த நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கிறது.

குவார்ட்டர் போட்டால் தூங்குகிறார் என்கிறீர்கள். முதல் சாமத்துக்குத்தான் அது. பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும், சோர்வையும் கூட்டும். கோடாங்கியிடம் கயிறு கட்டியது இருக்கட்டும், அவிழ்க்க வேண்டாம். ஆனால் அதோடு நிற்காதீர்கள். அந்த நாளைப் பக்குவமாகப் பேசவைத்துப் பயத்தைக் குறைக்கும் சிகிச்சை உண்டு, மாத்திரையும் உண்டு. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைக் கேளுங்கள். அதுவரை 14416க்குப் பேசலாம். எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

“அவங்களோட நானும் போயிருக்கணும்” என்று அவர் சொன்னதாக, கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்கள். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும்.