தெரிந்துகொள்வோம்: இ-சேவைக்கு முன்னோடியான ஒரு சிறு கம்பெனி

நீங்கள் மன்னவனூரிலோ பூம்பாறையிலோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று வேண்டும். வட்டாட்சியர் அலுவலகமோ கொடைக்கானலில். பஸ் ஏறிப் போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. "நாளைக்கு வாங்க" என்றால் மறுநாள் கூலியும் போச்சு.

இந்த அலைச்சலைக் குறைக்க வந்ததே இ-சேவை மையம். ஆனால் இதே முயற்சியை 2000-களின் தொடக்கத்திலேயே செய்து பார்த்தது என்-லாக் என்ற சிறு நிறுவனம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழுவிலிருந்து பிறந்தது அது. அந்தக் குழு உருவாக்கிய கார்டெக்ட் கருவி, கேபிள் புதைக்காமலே போனும் இன்டர்நெட்டும் தந்தது. வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். கோபுரத்திலிருந்து சுமார் 10 கி.மீ. எட்டும், ஆனால் நடுவில் மறைப்பு கூடாது. ஒரு மேடு குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று மலையில் இருக்கும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப் கேமரா, தமிழ் மென்பொருள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50,000 ரூபாய்க்கு ஒரு மையம். அதை நடத்துபவர் அந்த ஊர்க்காரரே.

2001-இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 'சாரி' திட்டத்தின்கீழ் இந்த மையங்கள் வந்தன. சாதி, வருமான, பிறப்பு, இறப்புச் சான்றுகளுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. கண் நோயாளியின் படம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனது.

பிறகு என்ன ஆச்சு? ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறுதலாகிப் போனதும் அரசுச் சேவைகள் தளர்ந்தன. மையத்தில் கம்ப்யூட்டர் இருந்தது, விண்ணப்பமும் போனது. மறுமுனையில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு வேரூன்றவில்லை.

இதுதான் பாடம்: சேவை ஒரு நல்ல அதிகாரியை நம்பி இருக்கக் கூடாது, முறையாகவே நிலைக்க வேண்டும். இன்று உங்கள் விண்ணப்பத்துக்கு எண் உண்டு; சான்றில் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. மை கையெழுத்துக்காக மலையிறங்கி ஏற வேண்டாம்.

அதனால் அடுத்த முறை மையத்துக்குப் போனால், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் மனு எங்கே நிற்கிறது என்று கேட்க, அந்த எண்தான் உங்கள் பிடி.