பட்டியலில் விடுபட்ட எண்

ஏழாம் வகுப்பில் காரணிகளை மீள்பார்வை செய்ய, காசிமேட்டு மீன் பெட்டிகளை எடுத்துக்கொண்டேன். 24 பெட்டிகளைச் சம வரிசைகளாக அடுக்க வேண்டும். வரிசைக்கு எத்தனை பெட்டி வைக்கலாம்? ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கணக்கே அல்ல. 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எட்டு விடைகள் வந்தன. ஒரு மாணவி மட்டும் ஏழு எழுதியிருந்தாள். 8-ஐ விட்டுவிட்டாள். நான் அருகே போனதும் நோட்டை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் இராமானுஜனைப் பற்றிப் பேசத் தோன்றியது. எங்கள் பகுதியை ஒட்டியுள்ள துறைமுகத்தின் அலுவலகத்தில் 1912 மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறினார். 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, தமக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்களைப் பற்றியது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என அவை வளரும். அவர் தந்த பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் உண்டு. கடைசி எண் 67,46,32,83,88,800.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண முடியுமா? தேவையில்லை. 24 = 2³ × 3. ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று முறை எடுக்கலாம்; 4 வழிகள். 3-க்கு 2 வழிகள். 4 × 2 = 8. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் போதும். பட்டியலின் கடைசி எண்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080 காரணிகள்.

இந்த எண்ணை 23-ஆல் வகுத்தால் 2,93,31,86,25,600 கிடைக்கும். இதுவும் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண்தான். இராமானுஜன் அதை விட்டுவிட்டார். கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட பட்டியல் அது.

“அவரேவா டீச்சர்?” என்றாள் நோட்டை மூடியவள்.

விடுபட்ட எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்று கேட்டேன். 23 போய்விட்டதால் ஒரு 2 குறையும், 5,040. அந்த 5,040-க்கு? 2⁴ × 3² × 5 × 7 என்று பிரித்து, 60 என்றார்கள். 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4, 4-க்கு 3. வழியில் வந்த 5,040, 60, 12, 6, 4 எல்லாமே இராமானுஜனின் பட்டியலில் உள்ள எண்கள். இந்தச் சங்கிலியை நான் திட்டமிட்டுக் கொண்டுபோகவில்லை, கரும்பலகையில்தான் கண்டேன்.

3 மட்டும் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டதற்கு, “ரெண்டுக்கே ரெண்டு காரணி இருக்கே டீச்சர், மூணுக்கும் ரெண்டுதானே” என்று பதில் வந்தது. சொன்னவள் அவள்தான். நோட்டு திறந்திருந்தது, 6-க்கும் 12-க்கும் நடுவே 8 நுழைக்கப்பட்டிருந்தது.